ஸ்டெல்லார் கணக்கில் வரவு விழுந்த நொடியே அறிவது எப்படி? ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி வழியாக ஸ்ட்ரீமிங்: முழுமையான வழிகாட்டி

ஸ்டெல்லார் என்பது பணம் அனுப்பப் பயன்படும் ஒரு பிளாக்செயின் வலைப்பின்னல். அதில் உள்ள ஒரு கணக்கில் பணம் வந்ததும் நம் நிரலுக்குத் தெரிய வேண்டும். வழி இரண்டு. ஐந்து நொடிக்கு ஒருமுறை "வந்துவிட்டதா?" என்று சர்வரை நச்சரிக்கலாம். அல்லது இணைப்பைத் திறந்தே வைத்துவிட்டு, வந்ததும் சர்வரே சொல்லட்டும் என்று விடலாம். இரண்டாவது வழிக்கு ஸ்டெல்லாரின் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் 'ஸ்ட்ரீம்' என்ற ஃபங்ஷன் தயாராகவே இருக்கிறது. பத்து வரியில் ஓடிவிடும்.

அந்தப் பத்து வரியை அப்படியே உண்மைப் பணத்தின் மேல் ஓட்டினால், என்றாவது ஒருநாள் ஒரு வரவு காணாமல் போகும், இல்லையென்றால் ஒரே வரவு இரண்டு முறை ஏறும். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எதுவரை படித்தோம் என்பதைக் காட்டும் கர்சர் நம் கையில் இல்லாமல் லைப்ரரியின் கையில் இருப்பது. அதனால் இந்த வழிகாட்டியில் ஸ்ட்ரீமைத் திறப்பதற்குக் கொஞ்சம் இடம், கர்சருக்கு நிறைய இடம்.

ஃபங்ஷன் பெயர்களையும் புலப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். நிரலில் அவற்றின் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் போடுங்கள். கீழ்க்கோடு இருக்கும் இடத்தில் கீழ்க்கோடு வேண்டும்.

முதலில் தெரிந்திருக்க வேண்டியது

ஸ்டெல்லார் 2014இல் தொடங்கிய வலைப்பின்னல். ஏறக்குறைய 5 முதல் 6 நொடிக்கு ஒருமுறை ஒரு லெட்ஜர், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுதி, மூடப்படும். மூடிய லெட்ஜர் மாறாது. எதீரியம் என்ற இன்னொரு பிளாக்செயினில் கடைசிச் சில பிளாக்குகள் சில சமயம் தூக்கி எறியப்பட்டு, ஏற்கெனவே கிடைத்த பதிவு 'நீக்கப்பட்டது' என்ற குறியோடு திரும்பி வரும். அந்தத் தலைவலி இங்கே கிடையாது. ஒரு வரவு ஸ்ட்ரீமில் வந்துவிட்டால் அது முடிந்த வரவு, "இன்னும் எத்தனை உறுதிப்பாடு?" என்று காத்திருக்கத் தேவையில்லை.

இதற்கு விலை ஒன்று உண்டு. பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் சர்வர்களுக்குள் ஒப்புதல் எட்டாவிட்டால் ஸ்டெல்லார் தவறான லெட்ஜரை மூடாது, நின்றுவிடும். 2019 மே 15 அன்று அப்படி ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றது. அப்போது ஸ்ட்ரீமில் பிழைச் செய்தி வராது, வெறும் மௌனம்தான். மௌனத்தை எப்படிப் படிப்பது என்று பின்னால் பார்ப்போம்.

நம் நிரல் நேரடியாக வலைப்பின்னலோடு பேசுவதில்லை. நடுவில் ஹொரைசன் என்ற சர்வர் நிற்கிறது. லெட்ஜர்களைத் தன் டேட்டாபேஸில் ஏற்றி, கேட்பவர்களுக்கு ஹெச்டிடிபி வழியாகத் தருவது அதன் வேலை. ஸ்ட்ரீமிங்குக்கு அது வெப்சாக்கெட்டைப் பயன்படுத்துவதில்லை. சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் என்ற ஒருவழி முறைதான். சர்வர் சொல்லும், நாம் கேட்போம், அவ்வளவுதான்.

படி 1: டெஸ்ட்நெட்டில் ஒரு கணக்கு

நோட் ஜேஎஸ் 20 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு போதும். என்பிஎம்மில் '@ஸ்டெல்லார்' என்ற முன்னொட்டின் கீழ் உள்ள 'ஸ்டெல்லார்-எஸ்டிகே' பொதியை நிறுவுங்கள். முன்னொட்டு இல்லாத அதே பெயரில் ஒரு பழைய பொதி இன்னும் கிடைக்கும், அது வேண்டாம். பழைய பாடங்களில் 'சர்வர்' என்ற கிளாஸை நேரடியாக இறக்குமதி செய்திருப்பார்கள். இப்போது அது 'ஹொரைசன்' என்ற பெயர்வெளிக்குள் போய்விட்டது. "சர்வர் ஒரு கன்ஸ்ட்ரக்டர் அல்ல" என்ற பிழை வந்தால் காரணம் இதுதான்.

'கீபேர்' கிளாஸின் 'ரேண்டம்' ஃபங்ஷன் ஒரு சாவி ஜோடியைத் தரும். இரண்டும் 56 எழுத்து நீளம். 'ஜி'யில் தொடங்குவது கணக்கின் முகவரி, 'எஸ்'ஸில் தொடங்குவது ரகசியச் சாவி. கணக்கைக் கவனிக்க முகவரி மட்டும் போதும். ஸ்ட்ரீம் ஓடும் சர்வரில் ரகசியச் சாவியை வைக்கவே வைக்காதீர்கள், அங்கே அதற்கு வேலையே இல்லை.

டெஸ்ட்நெட் என்பது உண்மைப் பணம் இல்லாத சோதனை வலைப்பின்னல், லூமன் என்பது ஸ்டெல்லாரின் சொந்த நாணயம். முகவரியை டெஸ்ட்நெட்டின் ஃப்ரெண்ட்பாட் என்ற சேவைக்குக் கொடுத்தால் 10,000 சோதனை லூமன் போட்டுக் கணக்கைத் திறந்துவிடும். பணம் அனுப்பிப் பார்க்க இதேபோல இன்னொரு கணக்கும் தயாராக இருக்கட்டும்.

படி 2: ஸ்ட்ரீமைத் திறப்பது

டெஸ்ட்நெட் ஹொரைசனின் முகவரியைக் கொடுத்து ஒரு 'சர்வர்' பொருளை உருவாக்குங்கள். பிறகு சங்கிலியாகக் கோர்க்க வேண்டியது: 'பேமென்ட்ஸ்', அதன்பின் 'ஃபார்அக்கவுண்ட்' என்பதில் கணக்கு முகவரி, 'ஜாயின்' என்பதில் 'ட்ரான்சாக்ஷன்ஸ்' என்ற சொல், 'கர்சர்' என்பதில் தொடங்கும் இடம், கடைசியில் 'ஸ்ட்ரீம்'. ஸ்ட்ரீமுக்கு 'ஆன்மெசேஜ்', 'ஆன்எரர்' என்ற இரண்டு ஃபங்ஷன்களைக் கொடுக்கிறோம். அது நமக்கு ஒரு ஃபங்ஷனைத் திருப்பித் தரும். அதை அழைத்தால் இணைப்பு மூடும். அதை ஒரு மாறியில் பிடித்து வையுங்கள், பின்னால் வேண்டும்.

'பேமென்ட்ஸ்' இருக்கும் இடத்தில் 'ட்ரான்சாக்ஷன்ஸ்' என்று போட்டால் பரிவர்த்தனைகள் அப்படியே வரும். ஆனால் ஒரு பரிவர்த்தனைக்குள் 100 செயல்கள் (ஆபரேஷன்கள்) வரை இருக்கலாம், அவற்றைப் பிரித்துப் பார்க்கும் வேலை நம் தலையில் விழும். பணம் வந்ததா என்பதே கேள்வியென்றால் 'பேமென்ட்ஸ்' போதும்.

இப்போதைக்குக் கர்சருக்கு 'நவ்' என்று கொடுத்து, ஆன்மெசேஜில் வந்ததை அச்சிடச் சொல்லுங்கள். இரண்டாவது கணக்கிலிருந்து ஸ்டெல்லார் லேப் என்ற இணையக் கருவி வழியாக 12.5 லூமன் அனுப்பினால், ஐந்தாறு நொடியில் திரையில் பதிவு வந்து நிற்கும்.

படி 3: வந்த பதிவைக் கிட்டே வைத்துப் பார்ப்பது

முக்கியமான புலங்கள் மட்டும், ஓர் எடுத்துக்காட்டாக:

ஐடி: "6442450944012289"
பேஜிங்_டோக்கன்: "6442450944012289"
டைப்: "பேமென்ட்"
ஃப்ரம்: அனுப்பியவரின் முகவரி
டு: பெறுபவரின் முகவரி
அசெட்_டைப்: "நேட்டிவ்"
அமௌன்ட்: "12.5000000"

தொகை மேற்கோள் குறிக்குள் சொல்லாக வருவதைக் கவனியுங்கள். எப்போதும் 7 தசம இடம். மிகச் சிறிய அலகு ஸ்ட்ரூப், ஒரு லூமனுக்கு ஒரு கோடி. இதைச் சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாக மாற்றிக் கூட்டிக் கழிக்கத் தொடங்கினால் தசமக் கசிவு வரும். புள்ளியை எடுத்துவிட்டு மிச்சத்தை 'பிக்இன்ட்' ஆக்குங்கள்: 125000000 ஸ்ட்ரூப். டேட்டாபேஸிலும் முழு எண்ணாகவே வையுங்கள்.

ஐடியும் ஏதோ தொடர் எண் அல்ல. 6442450944012289ஐ 4294967296ஆல், அதாவது 2இன் 32ஆம் அடுக்கால் வகுத்தால் ஈவு 1500000. அதுதான் லெட்ஜர் எண். மீதி 12289. அதை 4096ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 1: அந்த லெட்ஜரின் 3ஆவது பரிவர்த்தனை, அதற்குள் முதல் செயல். வரவின் முழு விலாசமும் அந்த ஒரே எண்ணுக்குள் இருக்கிறது. இதை மறக்க வேண்டாம், இரண்டு இடத்தில் கைகொடுக்கும்.

படி 4: எது வரவு, எது வரவல்ல

'ஃபார்அக்கவுண்ட்' என்றால் அந்தக் கணக்குக்கு வருவது மட்டும் என்று நினைத்துவிடுவது வழக்கமான பிழை. அதிலிருந்து போவதும் அதே ஸ்ட்ரீமில் வரும். 'டு' நம் முகவரிதானா என்று பார்க்காமல் விட்டால், நாம் அனுப்பிய பணத்தையே வரவாக ஏற்றிக்கொள்வோம்.

அடுத்தது வகை. 'பேமென்ட்' வகை நேரானது. 'க்ரியேட்_அக்கவுண்ட்' வகையில் 'அமௌன்ட்' புலமே கிடையாது, தொகை 'ஸ்டார்ட்டிங்_பேலன்ஸ்' புலத்தில் இருக்கும், பெறுபவர் 'அக்கவுண்ட்' புலத்தில் இருப்பார். ஃப்ரெண்ட்பாட் போட்ட முதல் 10,000 இந்த வகையில்தான் வரும் என்பதால் சோதிப்பது எளிது. 'பாத்_பேமென்ட்' என்று தொடங்கும் இரண்டு வகைகளில் அனுப்புபவர் ஒரு நாணயத்தில் கொடுப்பார், நமக்கு வேறொன்று வந்து சேரும். 'அமௌன்ட்' நமக்கு வந்தது, 'சோர்ஸ்_அமௌன்ட்' அவர் கொடுத்தது. மாற்றிப் படித்தால் கணக்கே தலைகீழ். 'அக்கவுண்ட்_மெர்ஜ்' வகையில் ஒரு கணக்கு தன்னை மூடிவிட்டு மீதியை நம்மிடம் கொட்டும். பதிவில் தொகை இருக்காது, அந்தச் செயலின் விளைவுகளைக் காட்டும் 'எஃபெக்ட்ஸ்' பட்டியலில் போய்த்தான் எடுக்க வேண்டும்.

நாணயத்தைப் பார்க்கும்போது பெயரோடு நிற்காதீர்கள். டாலர் மதிப்புள்ள நாணயமான 'யுஎஸ்டிசி'யின் பெயரில் யார் வேண்டுமானாலும் டோக்கன் வெளியிடலாம். 'அசெட்_கோட்', 'அசெட்_இஷ்யூவர்' இரண்டும் பொருந்தினால்தான் அது நாம் நினைக்கும் நாணயம். நாம் ட்ரஸ்ட்லைன், அதாவது ஒரு நாணயத்தைப் பெறுவதற்கான அனுமதி, திறக்காத நாணயம் கணக்குக்குள் நுழையாது என்பது ஒரு காவல். ஆனால் லூமனுக்கு அந்தக் காவல் கிடையாது. தொகையை மட்டும் பார்க்கும் நிரல், 100 டாலர் கேட்ட இடத்தில் 100 லூமனை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்துவிடும்.

படி 5: யார் அனுப்பியது? மெமோ

ஒரே கணக்கில் பல வாடிக்கையாளர்களின் பணம் வந்தால், யாருடையது என்பதை அனுப்புபவர் இணைக்கும் சிறு குறிப்பான மெமோதான் சொல்லும். மெமோ செயலில் இல்லை, பரிவர்த்தனையில் இருக்கிறது. படி 2இல் 'ஜாயின்' போட்டது இதற்காகத்தான். அது இருந்தால் பதிவின் 'ட்ரான்சாக்ஷன்' ஃபங்ஷனை அழைத்ததும் விடை கையிலிருந்தே வரும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரவுக்கும் ஹொரைசனுக்கு இன்னொரு பயணம்.

மெமோ எண்ணாக வர வேண்டும் என்று சொல்லியிருந்தாலும், அனுப்புபவர்கள் அதே எண்ணை உரை மெமோவில் போட்டு அனுப்புவார்கள். அதனால் வகையைப் பிடித்துத் தொங்காமல், மதிப்பை ஓரங்களில் இடைவெளி நீக்கிச் சொல்லாக ஒப்பிடுங்கள். உரை மெமோவின் உச்ச அளவு 28 பைட், 28 எழுத்தல்ல. தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறி. 'வணக்கம்' என்ற ஒரு சொல்லுக்கே 21 பைட் போய்விடும். தமிழில் குறிப்புச் சொல் வைக்கும் ஆசை இருந்தால் இங்கேயே விட்டுவிடலாம்.

மெமோ இல்லாமலும் பணம் வரும், உறுதியாக வரும். அதைத் தூக்கி எறியாமல் 'உரியவர் தெரியாத வரவு' என்று தனியே பதிந்து வையுங்கள். கணக்கின் முகவரியோடு வாடிக்கையாளர் எண்ணையும் சேர்த்து உருவாக்கும், 'எம்'மில் தொடங்கும் மக்ஸ்டு முகவரிக்கு வந்த பணமென்றால் வாடிக்கையாளர் எண் 'டு_மக்ஸ்டு_ஐடி' புலத்தில் இருக்கும், மெமோ தேவைப்படாது.

படி 6: கர்சர்

லைப்ரரி உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்தால் மிச்சம் எல்லாம் தானாகப் புரியும். ஒவ்வொரு பதிவு வந்ததும் அதன் 'பேஜிங்_டோக்கனை'த் தன் நினைவில் கர்சராக வைத்துக்கொள்கிறது. 15 நொடி வரை ஒரு பதிவும் வராவிட்டால் இணைப்பை மூடிவிட்டு, நினைவில் இருக்கும் கர்சரோடு மறுபடி திறக்கிறது. அந்த 15 நொடியை 'ரீகனெக்ட்டைம்அவுட்' என்ற அமைப்பால் மாற்றலாம்.

இதில் மூன்று ஓட்டை.

முதலாவது, 'நவ்'. அமைதியான கணக்கில் ஒரு பதிவுகூட வராதவரை லைப்ரரியின் நினைவில் இருப்பது 'நவ்' என்ற சொல்தான். 15 நொடிக்கு ஒருமுறை மூடித் திறக்கும்போது ஒவ்வொரு முறையும் "இந்தக் கணத்திலிருந்து" என்றே கேட்கிறது. மூடியதற்கும் திறந்ததற்கும் நடுவில் ஒரு லெட்ஜர் மூடி, அதில் நம் வரவு இருந்தால், போனது போனதுதான். சோதனையில் இது கண்ணில் படவே படாது. இணைப்பு அறுந்து அரை நிமிடம் கழித்துத் திரும்பினாலும் இதே கதி. ஆகவே 'நவ்' விளையாடிப் பார்க்க மட்டும். உண்மையில் ஓட்டும்போது, முதல்முறை இறங்குவரிசையில் ஒரே ஒரு வரவை மட்டும் கேட்டு வாங்கி, அதன் பேஜிங் டோக்கனிலிருந்து தொடங்குங்கள். கணக்கில் எதுவுமே இல்லையென்றால் '0'.

இரண்டாவது, நினைவு. நிரல் நின்றால் லைப்ரரியின் கர்சரும் போயிற்று. அதனால் கர்சரை டேட்டாபேஸில் எழுத வேண்டும். எப்போது எழுதுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். வரவைப் பதிந்துவிட்டுக் கர்சரைத் தனியே எழுதினால், நடுவில் மின்சாரம் போனால் அதே வரவு மறுபடி வரும். கர்சரை முதலில் எழுதினால் வரவே தொலையும். இரண்டையும் ஒரே டேட்டாபேஸ் பரிவர்த்தனைக்குள் வையுங்கள். கூடவே வரவுப் பட்டியலில் ஹொரைசன் தந்த ஐடியை முதன்மைச் சாவியாக்கி, ஏற்கெனவே இருந்தால் ஒன்றும் செய்யாதே என்று சொல்லுங்கள். வாடிக்கையாளரின் இருப்பைக் கூட்டுவதும் அதே பரிவர்த்தனைக்குள், புது வரி உண்மையிலேயே சேர்ந்திருந்தால் மட்டும். நாம் ஒதுக்கிவிடும் பதிவுகளுக்கும், அதாவது வெளியே போன பணம் போன்றவற்றுக்கும், கர்சர் நகர வேண்டும்.

மூன்றாவதுதான் விஷமமானது. கர்சரை எண் வகைப் புலத்தில் வைப்பது. ஜாவாஸ்கிரிப்ட் எண் 9007199254740991 வரைதான் துல்லியம். ஐடி என்பது லெட்ஜர் எண்ணை 2இன் 32ஆம் அடுக்கால் பெருக்கியது என்று பார்த்தோம். அப்படியென்றால் லெட்ஜர் எண் 2097152ஐத் தொட்டதும் துல்லியம் உடைகிறது. 5 நொடிக்கு ஒரு லெட்ஜர் என்று கணக்குப் போட்டால் அது 121 நாள். டெஸ்ட்நெட்டைச் சில மாதங்களுக்கு ஒருமுறை முழுவதும் அழித்து முதலிலிருந்து தொடங்குவார்கள் என்பதால், இந்தப் பிழை அங்கே பெரும்பாலும் தலைகாட்டாது. உண்மைப் பணம் ஓடும் மெயின்நெட்டோ 5 கோடி லெட்ஜரை எப்போதோ தாண்டிவிட்டது. அங்கே 236223201280020481 என்ற ஐடி எண்ணாக மாறினால் 236223201280020480 ஆகிவிடும். ஒன்று குறைந்த கர்சர், எனவே அதே வரவு மறுபடி வரும். இது லேசான பக்கம். பல செயல்கள் கொண்ட பரிவர்த்தனையில் 17ஆவது செயல் நமக்கான வரவு என்றால், கர்சர் மேல்நோக்கி உருண்டு 32க்குத் தாவும். அதே பரிவர்த்தனையின் 20ஆவது செயலும் நமக்கானது என்றால் அது வரவே வராது. கர்சரைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லாகவே வைத்திருங்கள். கணக்குப் போட வேண்டிய இடத்தில் மட்டும் பிக்இன்ட்.

படி 7: வரிசையாகச் செய்வது

ஆன்மெசேஜ் ஃபங்ஷனை 'அசிங்க்' ஆக எழுதுவோம், உள்ளே டேட்டாபேஸ் வேலைக்கு 'அவெய்ட்' போடுவோம். ஆனால் லைப்ரரி அதற்காகக் காத்திருக்காது. பத்துப் பதிவு ஒரேயடியாக வந்தால் பத்தும் ஒரே நேரத்தில் ஓடும். 4ஆவது தோற்று 5ஆவது வெற்றி பெற்றால், சேமித்த கர்சர் 5ஐக் காட்டும். 4ஐத் திரும்பிப் பார்க்க யாரும் இல்லை.

தீர்வு எளிது. ஒரு ப்ராமிஸ் மாறியை வைத்துக்கொண்டு, வரும் ஒவ்வொரு பதிவின் வேலையையும் அதன் 'தென்' வழியாக வாலில் கோர்த்துக்கொண்டே போங்கள். முன்னது முடிந்தால்தான் பின்னது. ஒன்று தோற்றால் என்ன செய்வது? பிழையைப் பதிந்துவிட்டு, ஸ்ட்ரீமை மூடிவிட்டு, நிரலையே முடித்துவிடுங்கள். லினக்ஸில் நிரல்களை ஓட்டிக் கவனிக்கும் சிஸ்டம்டியில் எப்போதும் மறுதொடக்கம் என்றும் இடைவெளி 5 நொடி என்றும் வைத்திருந்தால், எழுந்து டேட்டாபேஸில் உள்ள கர்சரிலிருந்து தொடரும். முரட்டுத்தனமாகத் தெரியலாம். ஆனால் உள்ளேயே மீண்டும் மீண்டும் முயன்று பார்க்கும் நுட்பமான நிரல்களைவிட இதில் தவறு குறைவு.

ஆன்எரருக்கு இந்த விதி வேண்டாம். அங்கே வருவதில் பெரும்பகுதி இணைப்பு அறுந்த செய்தி, லைப்ரரியே மறுபடி இணைத்துக்கொள்ளும். பதிந்து வைத்தால் போதும்.

வரம்பு

ஹொரைசனின் இயல்பான வரம்பு ஓர் ஐபி முகவரிக்கு மணிக்கு 3600 கோரிக்கை. திறந்திருக்கும் ஸ்ட்ரீம் ஒரே ஒரு கோரிக்கை என்று நினைக்க வேண்டாம், ஒவ்வொரு புது லெட்ஜருக்கும் ஒன்று கழியும். நிமிடத்துக்கு 12 லெட்ஜர், மணிக்கு 720. அதாவது ஐந்து ஸ்ட்ரீமோடு ஒதுக்கீடு தீர்ந்தது. 15 நொடி மறு இணைப்புகளையும் சேர்த்தால் மூன்றுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. தாண்டினால் 429 என்ற மறுப்புப் பிழை வரும். ஐம்பது வாடிக்கையாளருக்கு ஐம்பது கணக்கு, ஐம்பது ஸ்ட்ரீம் என்ற வடிவமைப்பு இங்கேயே செத்துவிடும். ஒரே கணக்கு, மெமோ அல்லது மக்ஸ்டு முகவரி என்பதே வழி. சொந்த ஹொரைசன் வைத்து அதன் முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இடைநிலை சர்வரை வைத்திருந்தால், அதில் பஃபரிங்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பதிவுகள் அங்கேயே தேங்கி, கொத்தாக வந்து விழும்.

மௌனத்தைப் படிப்பது

வரவு இல்லாததாலும் ஸ்ட்ரீம் பேசாமல் இருக்கும், செத்துப்போனதாலும் பேசாமல் இருக்கும். வேறுபாடு அறிய, நிமிடத்துக்கு ஒருமுறை ஹொரைசனின் மூல முகவரியைக் கேளுங்கள். விடையில் 'ஹிஸ்டரி_லேட்டஸ்ட்_லெட்ஜர்', 'கோர்_லேட்டஸ்ட்_லெட்ஜர்' இரண்டும் இருக்கும். கோர் என்பது வலைப்பின்னலோடு நேரடியாகப் பேசும் மென்பொருள், ஹிஸ்டரி என்பது ஹொரைசன் தன் டேட்டாபேஸில் ஏற்றியது. கோர் முன்னேறி ஹிஸ்டரி பின்தங்கினால் ஹொரைசன் மூச்சுத் திணறுகிறது. இரண்டும் நின்றுவிட்டால் ஒன்று வலைப்பின்னலே நிற்கிறது, அல்லது அந்த சர்வரின் கோர் துண்டிக்கப்பட்டிருக்கிறது. வேறொரு ஹொரைசனைக் கேட்டால் எது என்று தெரியும்.

இதே விடையில் இன்னொரு சோதனையும் செய்யலாம். சேமித்த கர்சரை 4294967296ஆல் வகுத்து வரும் லெட்ஜர் எண், ஹிஸ்டரி எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் டெஸ்ட்நெட்டை அழித்துத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். எதிர்காலக் கர்சரோடு காத்திருக்கும் ஸ்ட்ரீம் பிழை காட்டாது, மாதக்கணக்கில் சும்மா இருக்கும்.

உடைத்துப் பார்ப்பது

மூன்று சோதனை போதும். நிரலை முரட்டுத்தனமாகக் கொன்றுவிட்டு மூன்று தொகை அனுப்பி, மறுபடி ஓட்டுங்கள். மூன்றும் வர வேண்டும், நான்கு ஆகக்கூடாது. அடுத்து, ஸ்ட்ரீம் ஓடும்போதே டேட்டாபேஸை நிறுத்தி ஒரு தொகை அனுப்புங்கள். நிரல் விழ வேண்டும், டேட்டாபேஸ் திரும்பியதும் அந்தத் தொகை ஏற வேண்டும். கடைசியாகக் கர்சரைக் கையால் '0' என்று மாற்றி ஓட்டுங்கள். பழைய பதிவுகள் எல்லாம் மறுபடி ஓடிவரும், ஆனால் யாருடைய இருப்பும் ஒரு ஸ்ட்ரூப்கூட மாறக்கூடாது.

மெயின்நெட்டுக்குப் போன பிறகு, நாளுக்கு ஒருமுறை கணக்கின் உண்மை இருப்பை நம் பட்டியலின் கூட்டலோடு ஒப்பிடுங்கள். வெளியே அனுப்பிய ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கட்டணம் கழிந்திருக்கும், செயலுக்குக் குறைந்தது 100 ஸ்ட்ரூப். அதைச் சேர்த்தும் இடித்தால், முதலில் தேட வேண்டியது கிளெய்மபிள் பேலன்ஸ், அதாவது ஒருவர் ஒதுக்கி வைக்க, பெறுபவர் பிறகு வந்து எடுத்துக்கொள்ளும் பணம். அந்த வழியில் எடுத்துக்கொண்ட பணம் 'பேமென்ட்ஸ்' ஸ்ட்ரீமில் வராது, 'எஃபெக்ட்ஸ்' பக்கத்தில் 'அக்கவுண்ட்_க்ரெடிட்டட்' என்று நிற்கும்.